ஓவசியர் திருத்திய வரைபடம்

ஓவசியர் இராசநாயகம் அவர்கள் கடந்த வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணி கழிந்து சற்று நேரத்தில், சுவிஸின் துன் நகரிலுள்ள வைத்தியசாலையில் காலமானார். அன்று மாலை நான் தொலைபேசியில் கேட்டபோது, அவருடைய பிரிவின் தாதி இதை உறுதிப்படுத்தினார். காரணம் இதய நோய். வயது ஐம்பத்தொன்பது.

இவ்வளவு திட்டமாக எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் வெள்ளிக்கிழமை காலைக்குள் இரண்டு பிழையான செய்திகள் புறப்பட்டுவிட்டன. ஆராவ் நகரில் ஒரு கடையில், அவர் இங்குள்ள ஒரு ஆலயத்தின் மேல்மாடத்தில் ஏறி அளவெடுக்கும்போது தவறி விழுந்தார் என்று கதைத்திருக்கிறார்கள். டீட்டிகோனிலிருந்து ஒருவர் என்னை அழைத்து, அகதி விண்ணப்பத்தை நிராகரித்த கடிதம் கையில் கிடைத்த அதிர்ச்சியில்தான் போனாராமே என்று கேட்டார். அவர் விழவில்லை. கடிதம் வரவுமில்லை. இரண்டாவது விசாரணை முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் அவருடைய விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கும் மனைவிக்கு வெள்ளிக்கிழமை தந்தி கொடுத்தோம். அதற்கும் இன்னும் பதில் இல்லை.

ஓவசியர் என்பது பட்டப்பெயராகிவிட்ட உத்தியோகப் பெயர். யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கட்டிட வேலைப் பகுதியில் முப்பது வருடங்கள் வேலை செய்தவர். பள்ளிக்கூடங்கள், தபால் கந்தோர்கள், மதகுகள் என்று அவர் அளந்து கீறிய படங்களுக்குக் கணக்கில்லை. கீறிய எல்லாவற்றின் கீழும் கையொப்பம் வைத்தவர். இந்தக் கட்டுரை அப்படி அவர் வைத்த இரண்டு கையொப்பங்களைப் பற்றியது. இரண்டும் துன்னில் வைத்தவை. இரண்டும் ஒரே கட்டிடத்தின் படங்கள். ஒன்று பிழை.

அந்தக் கட்டிடம் ஆற்றுக்கு அப்பால் உள்ள ஒரு சிறிய கிறிஸ்தவ ஆலயம். இந்நாட்டில் அரசின் ஆதரவோடு நடக்கும் பெரிய சபைகள் உண்டு. அவற்றோடு சேராமல், தங்கள் மனச்சாட்சிப்படி தனியாகக் கூடி ஜெபித்த சிறு சபைகளும் உண்டு. இது அப்படியான ஒரு சபை நூறு வருடங்களுக்கு முன் கட்டியது. இப்போது சபையில் மிஞ்சியிருப்பவர்கள் ஒரு கை விரல்களுக்குச் சற்று அதிகம். அவர்கள்தான், அகதிகளாக வந்த எங்களை எங்கே தங்கவைப்பது என்று நகரம் திணறிக்கொண்டிருந்தபோது, ஆலயத்தின் கீழ் இருந்த நிலவறையைத் திறந்துவிட்டார்கள். கெல்லர் என்று நாங்களும் சொல்லப் பழகிய அந்த அறையில் அதுவரை உருளைக்கிழங்கும் உட்காரும் வாங்குகள் உடைந்தவையும் கிடந்தன. எங்களுக்காக வெள்ளையடித்தார்கள். எங்களுக்காகத்தான் அங்கே முதல்முறையாக வெப்பமூட்டி பொருத்தினார்கள். இந்த விஷயத்தை வாசகர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும்.

நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். ஓவசியர் பத்தாவது ஆளாக, பனி கொட்டிய ஒரு காலையில் ஒரு சூட்கேசுடன் வந்தார். வேலை செய்ய இன்னும் அனுமதி இல்லாத காலம். மற்றவர்கள் கடுதாசிச் சீட்டு விளையாடினார்கள், நித்திரை கொண்டார்கள், வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். ஓவசியரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சாப்பாட்டுக் கோப்பையையும் கையில் வைத்துக்கொண்டே நடப்பார். கட்டில்களுக்கு நடுவே போவார், சுவரைத் தொட்டுத் திரும்புவார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பருத்தித்துறைக் குகன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னார்.

“ஓவசியர் அண்ணை, சுவிஸிலை றோட்டெல்லாம் போட்டு முடிச்சாச்சு. கொஞ்சம் இருங்கோவன்.”

“போட்டது சரியோ எண்டு பாக்கிறன்,” என்றார் அவர், நடையை நிறுத்தாமல்.

நான்கு நாட்களில் கெல்லரின் நீளம், அகலம், தூண்களின் தடிப்பு எல்லாம் அவருடைய கொப்பிக்குள் வந்துவிட்டன. அளவுநாடா கிடையாது. தன்னுடைய வெறுங்கால் பத்தேகால் அங்குலம் என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். விரல் நுனிக்கு முன் குதி வைத்து அடியடியாக நடந்து அளந்தார். உள்ளே முடிந்ததும் வெளியே போய்ப் பனியில் நின்று கட்டிடத்தைப் பார்த்தார். ஒரு மணித்தியாலம் கழித்துத் தேடிக்கொண்டு போனேன்.

“இந்தக் கட்டிடத்துக்கு முகம் இல்லைத் தம்பி,” என்றார். “றோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்குது. வாசல் பக்கத்துச் சின்ன ஒழுங்கையிலை. மற்றது, இந்தப் பக்கம் வெளியிலை எட்டு ஜன்னல். உள்ளுக்கை ஏழுதான். ஒண்டு பொய்.”

அது உண்மை. தெருவிலிருந்து பார்த்தால் பச்சை மரக்கதவு போட்ட ஜன்னல்களுடன் ஒரு மூன்றுமாடி வீடுதான் தெரியும். கோபுரம் இல்லை, மணி இல்லை, சிலுவை இல்லை. வீட்டின் பின்பாதிக்குள் இரண்டு மாடி உயரத்தில் ஒரு மண்டபம் ஒளிந்திருக்கிறது. மூன்று பக்கமும் வார்ப்பிரும்புத் தூண்களில் நிற்கும் மேல்மாடம். எதிரே நடுவில் பிரசங்க பீடம். பிரசங்கியார் நேரத்தைப் பார்க்கும்படி மாடத்தின் முகப்பில் ஒரு மணிக்கூடு. ஜன்னல்கள் உயரமானவை. ஆனால் தலையில் வளைவு இல்லை, கண்ணாடியில் நிறமும் இல்லை. வளைவு வைத்தால் கோயில் என்று தெரிந்துவிடும்.

ஏன் தெரியக்கூடாது என்பதைச் சொன்னவர் ஃப்ராவ் (திருமதி) ஸ்டெட்லர். சபையின் செயலாளர், எழுபதைத் தாண்டிய விதவை. இளமையில் ஹோட்டலில் வேலை செய்ததால் நல்ல ஆங்கிலம் பேசுவார். அவருடைய தாயின் தந்தைதான் கட்டியவர்களில் முதல் ஆள். அந்தக் காலத்தில் தனியாக ஜெபித்தவர்கள் மீது கல் விழுந்ததாம். ஆலயம் என்று எழுதினால் கட்டிட அனுமதி கிடைக்காது என்று பயந்து, பெரிய அறை ஒன்றுள்ள குடியிருப்பு வீடு என்று விண்ணப்பம் எழுதினார்களாம். மேல்மாடியில் பிரசங்கியார் குடும்பம் குடியிருந்து, திரைச்சேலை கட்டி, பூச்சாடி வைத்து அதை வீடாகவே காட்டியிருக்கிறது. வீட்டுக்கு ஜன்னல் வரிசை ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதற்காக எட்டாவது ஜன்னல். அதன் மரக்கதவு ஒருநாளும் திறந்ததில்லை. பின்னால் வெறும் சுவர்.

ஓவசியருக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. “பேப்பரிலை வீடு, உள்ளுக்கை கோயில்,” என்று எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். விண்ணப்பம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த எங்களுக்கு அந்தப் பழைய ஆட்கள் அதன்பின் அந்நியராகத் தெரியவில்லை.

அந்தப் பனிக்கால மாரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை மேலே சூப் குடிக்க அழைத்தார்கள். பத்துப்பேரும் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போனோம். ஃப்ராவ் ஸ்டெட்லர் பின்னால் வந்து, வரிசையாகக் கிடந்த சப்பாத்துகளைக் கண்டு கலங்கிப்போனார். சபையில் யாரோ எங்களை அழுக்கு என்று ஏசியிருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டார். யார் கழற்றச் சொன்னது என்று என்னையும் குகனையும் மாறிமாறிக் கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை, சாமி இருக்கிற இடம் என்பதால் கழற்றினோம் என்று ஓவசியர் விளக்கினார். தங்கள் சாமி சப்பாத்தைப் பார்ப்பதில்லை என்றார் அந்த அம்மா. “அதுவும் சரி மேடம். ஆனால் நிலத்தை நேற்றுத்தானே நீங்கள் மெழுகினீர்கள்?” என்று ஓவசியர் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து நாங்கள் காலுறையோடு நடப்போம், அவர்கள் சப்பாத்தோடு நடப்பார்கள். யாரும் யாரையும் மாற்றவில்லை.

அதற்குப் பிறகு ஓவசியர் மண்டபத்தைக் கூட்டித் துடைக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் சைவர். கழுத்தில் உருத்திராட்சம் கிடந்தது. சாமி கும்பிட வருகிறாரா என்று சபையில் ஒருவர் கேட்டதற்கு, கட்டிடத்தைப் பார்க்க வருகிறேன் என்று நேராகச் சொன்னார். துடைத்து முடிந்ததும் வாங்குகளுக்கு இடையே நடப்பார். அப்படி நடக்கும்போதுதான் காலில் பட்டது. கீழே கெல்லர் சூடாக இருப்பதால் மண்டபத்தின் நிலம் இளஞ்சூடாக இருக்கும். பிரசங்க பீடத்துக்கு முன்னால் ஓரிடத்தில் மட்டும் சில்லென்று குளிர்ந்தது. எல்லை தெளிவாக இருந்தது. எட்டடி நீளம், நாலேகாலடி அகலம். நிலம் முழுக்க ஒரே லினோலியம் விரிப்பு, கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. சப்பாத்தோடு நடந்தவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. கெல்லரைச் சூடாக்கும் முன் யாருக்குமே தெரிய வாய்ப்பில்லை.

அவர் கொப்பியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினார். நான் கட்டிலில் இருந்தேன். கெல்லரின் உள் நீளம் வெளி நீளத்தைவிட நாலரை அடி குறைவு என்பதை முதல் வாரமே எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார். எங்கள் தலைமாட்டுச் சுவரை விரல் முட்டியால் தட்டினார். ஓரங்களில் இறுக்கமான சத்தம். நடுவில் உள்ளே காலியான பொள்ளல் சத்தம்.

“உதுக்குப் பின்னாலை வெறுமை கிடக்கு. நாங்கள் தலை வைச்சுப் படுக்கிறது ஒரு தொட்டிச் சுவரிலை.”

அன்றே ஃப்ராவ் ஸ்டெட்லரிடம் மேலே வைத்துச் சொன்னார். நானும் நின்றேன். மேடம், இந்த இடத்தின் கீழே வெறுமை இருக்கிறது, தொட்டி போலத் தெரிகிறது என்றார். அந்த அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறிவிட்டது. பிறகு, தேநீர் போடட்டுமா என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

படியிறங்கும்போது ஓவசியர் என்னிடம் சொன்னது இது: “அவவுக்கு அது விருப்பமில்லை. விளங்குதோ? இனி அதைப்பற்றிக் கதைக்கக்கூடாது.” எனக்கும் அப்படித்தான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரர் ஒரு கதைக்குப் பதில் சொல்லாமல் தேத்தண்ணிக்கு எழுந்தால், அந்தக் கதை அவ்வளவோடு முடிந்தது என்றுதான் அர்த்தம். வேறு அர்த்தம் இருக்கக்கூடும் என்று இரண்டுபேரும் யோசிக்கவில்லை.

அடுத்த மாரியில் ஆலயத்தை விற்பதென்று சபை தீர்மானித்தது. வாங்க முன்வந்தவர் இடித்துவிட்டுப் புதுக்கட்டிடம் எழுப்ப அனுமதி கேட்டிருந்தார். ஃப்ராவ் ஸ்டெட்லர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய கட்டிடங்களைப் பேணும் அரசாங்கக் கந்தோருக்கு எழுதினார். அவர்கள் வரைபடம் கேட்டார்கள். வீடு என்று பொய் எழுதிக் கட்டிய கட்டிடத்துக்கு உண்மையான வரைபடம் எங்கே இருக்கும்? ஓவசியர் தான் கீறித் தருவதாகச் சொன்னார். அப்போது அவருக்கு ஒரு சலவைச்சாலையில் வேலை. வேலை முடிந்து வந்து, மேல்மாடத்தில் ஒரு பலகையை வைத்து, மூன்று கிழமை கீறினார். பொய் ஜன்னல், இரும்புத் தூண்கள், மணிக்கூடு, மாடத்தின் வளைவு எல்லாம் அதில் இருந்தன. நான் பார்த்த வரைபடங்களில் அவ்வளவு சுத்தமானது வேறில்லை.

பிரசங்க பீடத்துக்கு முன் நிலம் வெறும் நிலமாக இருந்தது. குறுக்குவெட்டுப் படத்தில் அதன் கீழே கட்டுக்கல் நிரப்பியதாகக் கோடு போட்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“அவையின்ரை கெல்லருக்கை படுக்கிறம். அவை மூடி வைச்சிருக்கிறதை நான் எப்பிடித் தம்பி கீறுறது?” என்றார். கையொப்பம் வைத்து, கீழே பழைய உத்தியோகத்தையும் எழுதினார். ஃப்ராவ் ஸ்டெட்லர் படத்தை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து நெடுநேரம் பார்த்தார். நன்றி என்று ஒரு சொல் சொன்னார். அவர் எந்த இடத்தைப் பார்த்தார் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு ஓவசியரின் நடை கூடிவிட்டது. ஒருநாள் சலவைச்சாலையிலிருந்து பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வந்தார். கேட்டால், காலுக்கு நல்லது என்றார். முப்பது வருடத்தில் தெரிந்துகொண்டு ஒரு பிழையான கோடு போட்டதில்லை என்று வேறொரு நாள், யாரும் கேட்காமலே சொன்னார். இந்த இளவேனிலில் கந்தோரின் பதில் வந்தது. மரியாதையான கடிதம். படத்தின் தரத்தைப் பாராட்டியிருந்தார்கள். ஆனால் இதுபோன்ற மண்டபங்கள் பல உள்ளன, இதற்கே உரிய சிறப்பு எதுவும் தென்படவில்லை, இடிப்பதற்கு ஆட்சேபணை தெரிவிக்க முகாந்திரம் இல்லை என்று முடித்திருந்தார்கள். ஆட்சேபணைக்கு இன்னும் சில கிழமை தவணை இருந்தது. ஓவசியர் கடிதத்தை என்னிடம் இரண்டுதரம் வாசிப்பித்தார். மூன்றாம் நாள் சலவைச்சாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

வைத்தியசாலைக்கு ஃப்ராவ் ஸ்டெட்லரும் நானும் சேர்ந்து போனோம். கட்டிலில் படுத்திருக்கக் கட்டளை. அவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. போர்வைக்குள் கால்கள் அசைந்துகொண்டே இருந்தன. ஆலயம் இடிபடப்போவதைப்பற்றி அவர் வருந்தியபோது, அந்த அம்மா அவரைத் தேற்றுவதற்காகத்தான் அந்தக் கதையைச் சொன்னார். கட்டிடம் போனாலும் தனக்கு ஒரு சந்தேகம் தீர்ந்துவிட்டது, அதற்கு ஓவசியருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று தொடங்கினார்.

அவருடைய தாய், பத்தொன்பது வயதில், அந்த மண்டபத்துக்குள்ளேயே தொட்டித் தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் பெற்றதாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். பிறகு சபை இரண்டாகப் பிரிந்தது. முழுக்கு வேண்டும் என்றவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள், அப்படியொன்று இந்த வீட்டில் ஒருபோதும் நடக்கவில்லை என்றார்கள். தாயின் தகப்பனும் அப்படியே சொன்னார். ஆற்றில் நடந்ததை மண்டபத்தில் நடந்ததாகக் குழப்புகிறாள் என்று ஊரே சிரித்தது. தாய் சாகும்வரை தன் சொல்லை மாற்றவில்லை.

“நீங்கள் அங்கே வெறுமை இருக்கிறது என்று சொன்ன அன்று எனக்குப் பேச்சு வரவில்லை,” என்றார் ஃப்ராவ் ஸ்டெட்லர். “பிறகு படத்தில் முதலில் அந்த இடத்தைத்தான் பார்த்தேன். கல்லென்று கீறியிருந்தீர்கள். முறையாக அளந்திருக்கிறீர்கள், ஒன்றும் இல்லை என்று அறிந்தேன். அம்மா குழம்பித்தான் இருக்கிறாள். தெரிந்துகொண்டது நல்லதுதான்.”

ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்டேன். படித்த மனிதர் கையொப்பம் வைத்துத் தந்த படத்தைக் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்றார்.

 அந்த அம்மா போனதும் ஓவசியர் எழுந்து உட்கார்ந்து சப்பாத்தைத் தேடினார். தாதி வந்து படுக்கவைத்தார்.

“நான் அந்த மனிசியின்ரை தாயைப் பொய்க்காரி ஆக்கிப்போட்டன் தம்பி,” என்றார். “கையெழுத்தும் வைச்சு.”

அடுத்த நாள் கொப்பி, கடுதாசி, பென்சில் கொண்டுபோனேன். கட்டில் மேசையில் வைத்து இரண்டாவது படத்தைத் தொடங்கினார்.  முதல் படத்தின் அழகு இதில் இல்லை. ஆனால் தொட்டி இருந்தது, அதன் சுவர்த் தடிப்பு இருந்தது, கெல்லரில் குறையும் நாலரை அடி இருந்தது. ஊகித்த அளவுகளைப் புள்ளிக்கோட்டால் போட்டு, ஊகம் என்று எழுதினார். நான் நிருபராக இருந்தவன், ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எழுதிப் பழகாதவன். அன்று மாலையே மண்டபத்துக்குப் போய்க் காலுறையையும் கழற்றிவிட்டு நடந்தேன். அப்போதும் கெல்லரில் வெப்பமூட்டி போட்டிருந்தார்கள். குளிர் தொடங்கும் இடமும் முடியும் இடமும் அவர் எழுதியதற்கு இரண்டு விரற்கடைக்குள் வந்தன.

நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது, கந்தோரில் ஒரு பெண் உத்தியோகத்தர் இரண்டு படங்களையும் பக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே மனிதரின் கையொப்பம் இருக்கிறது, எதை நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. வரைந்தவர் நேரில் வர வேண்டும், முடியாவிட்டால் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்றார்.

இதைக் கேட்டதும் குகன் வைத்தியசாலைக்கு ஓடிவந்தார். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பயம் அது. முதல் விசாரணையில் சொன்னதற்கும் இரண்டாவதில் சொன்னதற்கும் ஒரு நாள், ஒரு ஊர் வித்தியாசப்பட்டாலும் நம்பத்தகாதவர் என்று எழுதித் திருப்பி அனுப்பிய கடிதங்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

“அண்ணை, உங்கடை கேஸ் இன்னும் முடியேல்லை. தெரிஞ்சுகொண்டு பொய்ப்படம் கீறினன் எண்டு நீங்களே எழுதிக் குடுத்தால், உவங்கள் அதைத் தூக்கி உங்கடை பைலுக்கை வைப்பாங்கள். பிறகு என்ன சொன்னாலும் எடுபடாது.”

“வைக்கட்டும்.”

“வயசு போன நேரத்திலை திருப்பி அனுப்பினால் எங்கை போவியள்?”

“அதை அப்ப பாப்பம். நீ கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்கிறாய்.”

விளக்கத்தை ஆங்கிலத்தில், தன் கையாலேயே எழுதினார். நான்கு வரி. தமிழில் சொன்னால் இது: முதற்படம் பிழை. கையொப்பமிடும்போதே பிழை என்று அறிவேன். அப்படிக் கீறும்படி என்னை யாரும் கேட்கவில்லை. இரண்டாவது படத்துக்கு நான் பொறுப்பு.

ஃப்ராவ் ஸ்டெட்லரைக் கூட்டிவரச் சொல்லி, அந்தத் தாளை அவரிடம்தான் முதலில் கொடுத்தார். அவர் வாசித்துவிட்டு மடித்தார். ஓவசியரின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார்.  இந்த முறை தேநீருக்கு எழுந்து போகவில்லை.

அது புதன்கிழமை. வியாழன் காலை நான் விளக்கத்தைக் கந்தோரில் ஒப்படைத்தேன். பிற்பகல் நான் வேலை செய்யும் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றபோது, சமையலறைத் தொலைபேசியில் குகன் அழுதார். மாலையில் தாதி உறுதிப்படுத்தினார் என்பதை முதலிலேயே எழுதியிருக்கிறேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை தகனம் நடந்தது. முடிந்ததும் எல்லோரும் ஆலய மண்டபத்துக்கு வந்தோம். பேர்ன், ஆராவ், டீட்டிகோன் என்று பல இடங்களிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். ஒழுங்கைப் பக்க வாசலில் சப்பாத்துகள் படிவரை நிறைந்து, மழையில் நனைந்துகொண்டு கிடந்தன. ஒருவர் தேவாரம் பாடினார். சபையின் முதியவர்கள் தங்கள் பாட்டு ஒன்றைப் பாடினார்கள். நான் அவருடைய நான்கு வரிகளைத் தமிழிலும் ஜெர்மன் மொழியிலும் வாசித்தேன்.

அதற்குப் பிறகு ஃப்ராவ் ஸ்டெட்லர் முன் வாங்கில் உட்கார்ந்து குனிந்து, தன் சப்பாத்துகளின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். விரல்கள் ஒத்துழைக்கவில்லை. குகன் நிலத்தில் முழந்தாளிட்டு அவிழ்த்துவிட்டார். அவர் எழுந்து, மெல்லிய காலுறையோடு, வாங்கைப் பிடித்துப் பிடித்து முன்னால் நடந்தார். பிரசங்க பீடத்துக்கு முன் ஓரிடத்தில் நின்றார். ஒரு அடி பின்னால் வைத்தார். திரும்பவும் முன்னால் வைத்தார்.  பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, ஆங்கிலத்தில், மிகவும் தாழ்ந்த குரலில், “குளிர்கிறது,” என்றார்.

அண்ணை, நீங்கள் அளந்தது சரி. அதை ஒருவர் காலால் அறிந்துகொண்டார். மற்றது அரசாங்கம் அறிய வேண்டியது. உங்கள் விளக்கத்தை ஏற்றுக்கொண்டதாகவும், லினோலியத்தை வெட்டி மூன்று பலகைகளைக் கழற்றிப் பார்ப்பதாகவும் கந்தோரின் கடிதம் நேற்று முன்தினம் ஃப்ராவ் ஸ்டெட்லர் வீட்டுக்கு வந்தது. தொட்டி இருந்தால் அவர்கள் ஆட்சேபணை எழுதுவார்களா என்பது கடிதத்தில் இல்லை. தவணை வருகிற வெள்ளிக்கிழமையோடு முடியாது, அதற்கு அடுத்த வெள்ளியோடு முடிகிறது. உங்கள் அகதி விண்ணப்பத்துக்கு என்ன பதில் எழுதியிருப்பார்கள் என்பது இனித் தெரியவராது, பைலை மூடிவிடுவார்கள். மனைவியின் தந்தி இன்றோ நாளையோ வரும் என்று தபால் கந்தோரில் சொல்கிறார்கள்.

நிம்மதியாக இருங்கள் என்று உங்களுக்குச் சொல்லிப் பலனில்லை, நீங்கள் நடந்துகொண்டுதான் இருப்பீர்கள். போய்வாருங்கள். பலகைகளை வருகிற திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கழற்றுகிறார்கள்.